குளோப் தியேட்டர்: நின்று பார்க்கிற டிக்கெட்டை எடுங்கள்

லண்டனில் வருடக்கணக்காக இருக்கிற எங்கள் ஆக்களில் கன பேர், ஷேக்ஸ்பியரின் பழைய நாடக அரங்கைப் போலவே திருப்பிக் கட்டின குளோப் தியேட்டரை வெளியில் இருந்து மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். ஊரில் இருந்து யாராவது வந்தால் டேட் மாடர்ன் கலைக்கூடத்துக்கும் மில்லேனியம் பாலத்துக்கும் கூட்டிக்கொண்டு போவார்கள், போகிற வழியில் தேம்ஸ் கரையில் வெள்ளைச் சுவரும் மரச் சட்டமும் நாணல் கூரையுமாக நிற்கிற அந்த வட்டக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு படம் எடுப்பார்கள், அத்தோடு சரி. உள்ளே போக ஆங்கில இலக்கியம் படித்திருக்க வேண்டும், உடுப்புப் பிரமாதமாக இருக்க வேண்டும், ஆளுக்கு ஐம்பது அறுபது பவுண் போகும் என்றெல்லாம் ஒரு எண்ணம். மூன்றும் பிழை. நின்று பார்க்கிற டிக்கெட் ஐந்து பவுணில் தொடங்குகிறது, நாளையும் நாடகத்தையும் பொறுத்துக் கொஞ்சம் கூடும். ஒவ்வொரு காட்சிக்கும் அப்படி 700 பேருக்கு இடம் இருக்கிறது. லண்டனில் இந்தக் காசுக்கு இப்போது ஒழுங்காக ஒரு சாப்பாடு கூட வாங்க முடியாது.

மலிவு என்பதற்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. அந்த அரங்கிலேயே ஆகச் சிறந்த இடம் அந்த நிற்கிற இடம்தான் என்பது என் உறுதியான கருத்து. கதிரையில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன், நின்றும் பார்த்திருக்கிறேன், கேட்கிறவர்களுக்கெல்லாம் நின்று பார்க்கத்தான் சொல்லுகிறேன்.

இது எந்த நாடகத்துக்குமான விமர்சனம் இல்லை. குளோப்பில் ஒரு பருவத்துக்குள் பல நாடகங்கள் மாறி மாறிப் போகும், நான் பார்த்தது நீங்கள் போகும்போது இருக்காது. அரங்கு இருக்கும், அதனால் அரங்கைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உள்ளே போனதும் முதலில் தெரிவது வானம். கட்டடம் இருபது பக்கம் கொண்ட ஒரு வட்டம், குறுக்களவு ஏறத்தாழ 30 மீட்டர், சுற்றிவர மூன்று அடுக்கில் மாடங்கள், நடுவில் கூரையே இல்லாத முற்றம், அந்த முற்றத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற மேடை. மேடைக்கு மேல் மட்டும் ஒரு கூரை, அதன் அடிப்பக்கத்தில் சூரியன், சந்திரன், இராசிகள் எல்லாம் வரைந்திருக்கும். அதைத் தாங்குகிற இரண்டு பெரிய தூண்களும் பளிங்கு போலத் தெரிகிற மாதிரி வண்ணம் பூசின மரம். மேடைப் பலகையில் ஒரு கள்ளக் கதவு, பேய்கள் அதற்குள் இருந்து வரும். நடிகர்கள் நரகத்துக்கும் சொர்க்கத்துக்கும் நடுவில் நிற்கிறார்கள் என்பதுதான் அந்தக் கால நினைப்பு. திரை கிடையாது. காட்சி மாறினதை ஒரு நடிகர் வந்து வாயால் சொன்னால் அது காடு, சொன்னால் அது அரண்மனை.

முற்றத்தில் இட இலக்கம் இல்லை, முதலில் வருகிறவர் முன்னுக்கு. கதவு திறக்க முதல் வந்து வரிசையில் நின்றால் மேடை விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கலாம், நடிகர்களின் சப்பாத்து உங்கள் முகத்துக்கு நேரே இருக்கும். மேடை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம், அதனால் உயரம் குறைந்தவர்களும் சின்னப் பிள்ளைகளும் நேர் முன்னால் நின்றால் கழுத்து நோகும், பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. இன்னொரு நல்ல இடம் முற்றத்தின் பின் சுவர். முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம், மேடை முழுக்கத் தெரியும், தலைக்கு மேல் மாடம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். நாடகம் நடக்கும்போது நிலத்தில் உட்கார விட மாட்டார்கள், அது கண்டிப்பு. ஆனால் இடம் மாறலாம், வெளியில் போய்விட்டுத் திரும்பி வரலாம், குடிக்க ஏதாவது கையில் வைத்துக்கொண்டே பார்க்கலாம். இரண்டரை, மூன்று மணி நேரம், நடுவில் ஒரு இடைவேளை. கால் நோகும், அது உண்மைதான், ஆனால் நோவு நாடகம் முடிந்த பிறகுதான் தெரியும்.

இப்போது நான் ஏன் இந்த இடத்தை இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறேன் என்று சொல்லுகிறேன். சாதாரண தியேட்டரில் விளக்கை அணைத்துவிடுவார்கள், நாங்கள் இருட்டுக்குள் போய்விடுவோம், மேடை மட்டும் வெளிச்சத்தில் இருக்கும். குளோப்பில் பகல் காட்சி என்றால் எல்லோருக்கும் ஒரே வெயில், இரவுக் காட்சி என்றாலும் பகல் வெளிச்சம் போல விளக்கை முற்றத்துக்கும் மாடங்களுக்கும் சேர்த்துத்தான் போடுவார்கள். அதனால் நடிகருக்கு எங்கள் முகம் தெரியும். எங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிறவரின் முகம் தெரியும். ஒரு அரசன் தனியாக நின்று நான் இதைச் செய்யலாமா விடலாமா என்று கேட்கும்போது அவன் காற்றைப் பார்த்துக் கேட்கவில்லை, முற்றத்தில் நிற்கிற ஒருவரைத் தேர்ந்து அவருடைய கண்ணைப் பார்த்துக் கேட்கிறான், அந்த ஆளும் தன்னை அறியாமல் தலையை ஆட்டுகிறார், அதை இன்னும் ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் அந்த நீளமான தனிமொழிகள் எல்லாம் ஏன் அப்படி எழுதப்பட்டன என்பது எனக்கு அங்கே நின்றபோதுதான் விளங்கியது. அவை சனத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்விகள். புத்தகத்தில் படித்தால் ஒரு ஆள் தனியாகப் புலம்புகிற மாதிரி இருக்கும்.

படை வருகிறது என்றால் முற்றத்துக்குள்ளால்தான் வரும், விலத்துங்கோ என்று தள்ளிக்கொண்டு வருவார்கள், நீங்கள் ஒதுங்கி வழி விட வேண்டும். அடுத்த நிமிடம் நீங்களே ரோமாபுரிச் சனக்கூட்டம் ஆகிவிடுவீர்கள். பகிடிக் காட்சிகளில் இது இன்னும் நல்லா இருக்கும், கோமாளி யாரிடமாவது இருந்து ஒரு பானத்தை வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பான். முடிவில் பெரும்பாலும் எல்லா நடிகர்களும் சேர்ந்து ஒரு ஆட்டம் ஆடுவார்கள். துன்பியல் நாடகம் என்றாலும் சரி, செத்துக் கிடந்தவர்களும் எழும்பி ஆடுவார்கள். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு இது என்ன என்று இருக்கும், ஆனால் மூன்று மணி நேரம் நின்று அழுத சனத்துக்கு அந்த ஆட்டமும் கைதட்டலும் தேவை.

மட்டக்களப்புப் பக்கம் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் புதிது இல்லை. எங்கள் வட்டக்களரியும் இதுதானே. மண்ணை உயர்த்திப் போட்ட வட்ட மேடை, நாலு பக்கமும் சனம், அண்ணாவியார் மத்தளத்தோடு களரியிலேயே நிற்பார், வரவுத் தாளம் கேட்டாலே யார் வருகிறார் என்று பெரியவர்களுக்குத் தெரியும், விடிய விடிய ஆட்டம். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டு வந்தார். அது பெரிய வேலை, அதனால்தான் கூத்துக்குப் படித்தவர்கள் மத்தியில் ஒரு மரியாதை வந்தது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் வட்டம் போய் ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற மேடை வந்தபோது, எதிரில் இருக்கிற சனத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கூத்துப் பார்க்கிற அந்த அனுபவம் போய்விட்டது. ஆங்கிலேயர்களுக்கும் முந்நூறு வருடத்துக்கு மேல் அது போய்விட்டுத்தான் இருந்தது, அதைத் திருப்பிக் கட்டினார்கள். அதனால்தான் குளோப்பில் நிற்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையும் வரும்.

கட்டின கதையையும் சொல்ல வேண்டும். பழைய குளோப் 1599 இல் வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஷோர்டிச்சில் ஷேக்ஸ்பியரின் நடிகர் குழுவுக்கு ஒரு பழைய அரங்கு இருந்தது, அதன் நிலச் சொந்தக்காரருக்கும் குழுவுக்கும் குத்தகைத் தகராறு, 1598 கடைசியில் குளிருக்குள் ஆட்களோடு போய் அரங்கையே கழற்றி மரங்களை எடுத்து வந்து இந்தத் தெற்குக் கரையில் புதிதாக நிமிர்த்திவிட்டார்கள். தெற்குக் கரை ஏன் என்றால் இது லண்டன் மாநகர ஆட்சியின் கைக்கு எட்டாத பக்கம், நாடகம், கரடிச் சண்டை, சூதாட்டம் என்று அங்கே அனுமதி இல்லாததெல்லாம் இங்கே நடந்தது. 1613 ஜூன் 29 அன்று எட்டாம் ஹென்றி நாடகத்தில் சுட்ட பீரங்கியின் பொறி கூரையில் விழுந்து முழு அரங்கும் எரிந்து போனது. ஒருவர் காற்சட்டையில் பிடித்த நெருப்பைப் பியரை ஊற்றி அணைத்தார்கள் என்று அந்தக் காலக் கடிதம் ஒன்றில் இருக்கிறது. அடுத்த வருடமே திரும்பக் கட்டினார்கள். 1642 இல் மதத் தூய்மைவாதிகளின் கை ஓங்கின பாராளுமன்றம் நாடகங்களையே தடை செய்ய, அதோடு குளோப்பின் கதை முடிந்தது.

இப்போது இருக்கிறது 1997 இல் திறந்தது. அதற்குக் காரணம் சாம் வானமேக்கர் என்ற அமெரிக்க நடிகர். 1949 இல் லண்டன் வந்தவர் ஷேக்ஸ்பியரின் அரங்கு எங்கே என்று தேடிப் போனார், அங்கே ஒரு மதுபானத் தொழிற்சாலைச் சுவரில் கறுத்துப் போன ஒரு வெண்கலப் பலகை மட்டும் இருந்தது. ஆங்கிலேயர்களுக்கு வராத கோபம் அவருக்கு வந்தது. 1970 இல் ஒரு அறக்கட்டளையைத் தொடங்கி, காசுக்கும் காணிக்கும் அலைந்து, வழக்குப் பேசி, இருபது வருடத்துக்கு மேல் இழுபட்டார். 1993 இல் இறந்துவிட்டார், திறந்ததை அவர் பார்க்கவில்லை. அந்தப் பெயரை உள்ளே எங்காவது கண்டால் ஒரு நிமிடம் நின்று வாசியுங்கள், இந்த மனிதன் இல்லாவிட்டால் இந்த இடத்தில் இன்னொரு கண்ணாடி அலுவலகக் கட்டடம்தான் நின்றிருக்கும்.

கட்டினவர்கள் ஏமாற்று வேலை செய்யவில்லை. உலராத பச்சை ஓக் மரம், இரும்பு ஆணிக்குப் பதில் மர ஆணி, சுண்ணாம்புச் சாந்தில் ஆட்டு மயிர் கலந்து பூசின சுவர். 1666 பெருந்தீக்குப் பிறகு லண்டனில் நாணலால் கூரை வேய அனுமதி கிடைத்த முதல் கட்டடம் இதுதான், அதனால் நாணலுக்குள்ளே தண்ணீர் தெளிக்கிற குழாய்கள் ஓடுகின்றன, கீழே இருந்து கவனமாகப் பார்த்தால் கூரையின் முகட்டில் தெரியும். பழைய அரங்கு சரியாக இதே இடத்தில் இருக்கவில்லை, கொஞ்சம் உள்ளே பார்க் ஸ்ட்ரீட்டில் இருந்தது, 1989 இல் அதன் அத்திவாரத்தில் ஒரு துண்டு வெளிவந்தது. நடந்து போனால் சில நிமிடம், நிலத்தில் அடையாளம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும் என்றால், வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால், சில விசயம் தெரிந்துகொண்டு போங்கள். மாடங்களில் இருப்பது வெறும் மர வாங்கு, பெரும்பாலானவற்றுக்கு முதுகுச் சாய்மானம் இல்லை. மெத்தை வாடகைக்குக் கொடுக்கிறார்கள், சாய்மானமும் கொடுக்கிறார்கள், இரண்டையும் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். கடைசி வரிசையில் இடம் கிடைத்தால் சுவரே சாய்மானம். தூண்கள்தான் பெரிய பிரச்சினை. மேடையின் இரண்டு தூணும் மாடத்தைத் தாங்குகிற கம்பங்களும் சேர்ந்து சில இடங்களில் பாதி மேடையை மறைத்துவிடும், டிக்கெட் எடுக்கும்போது பார்வை மறைக்கும் என்று போட்டிருந்தால் நம்புங்கள், அது சும்மா போட்டது இல்லை. மேடைக்குப் பக்கவாட்டு மாடங்களை விட நேர் எதிரே இருக்கிற நடு மாடம் எனக்குப் பிடிக்கும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது அங்கேதான் இருந்தோம். அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான், இடைவேளையில் என் கையைப் பிடித்து, “மகள், அவன் என்னைப் பார்த்துத்தானே கேட்டவன்?” என்று கேட்டார். நடு மாடத்தில், இரண்டாவது அடுக்கில், அவ்வளவு தூரத்தில் இருந்த அம்மாவுக்கே அப்படி இருந்தது. சக்கர நாற்காலிக்கும் இடம் இருக்கிறது, ஆனால் அதை முதலே கதைத்து ஒழுங்கு செய்ய வேண்டும்.

மொழி விளங்குமா என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. நானூறு வருடத்துக்கு முந்தின ஆங்கிலம், இங்கே பிறந்த பிள்ளைகளுக்கே முழுக்க விளங்காது. முதல் பத்துப் பதினைந்து நிமிடம் காது திணறும், அப்புறம் பழகிவிடும், நடிகர்கள் கையாலும் உடம்பாலும் பாதியைச் சொல்லிவிடுவார்கள். நான் சொல்லுகிற வழி இது: கதைச் சுருக்கத்தை வரும்போது இரயிலிலேயே வாசித்துவிடுங்கள், முடிவு தெரிந்துவிடுமே என்று கவலைப்பட வேண்டாம், இராமாயணக் கூத்துக்கு யாரும் முடிவு தெரியாமல் போவதில்லை. அப்புறம், வசனத்தைத் திரையில் எழுத்தாகக் காட்டுகிற காட்சிகள் சில நாளில் இருக்கும், காது கேளாதவர்களுக்காக வைக்கிறார்கள், ஆங்கிலத்தைக் காதால் பிடிப்பதை விடக் கண்ணால் வாசிப்பது சுலபம் என்கிறவர்களுக்கும் அது பெரிய உதவி. முதல் தடவை என்றால் ஒரு நகைச்சுவை நாடகமாகத் தேர்ந்தெடுங்கள். இரத்தம் தெறிக்கிற நாடகங்களைக் கொஞ்சம் பழகின பிறகு பார்க்கலாம், 2014 இல் டைட்டஸ் ஆன்ட்ரோனிக்கஸ் போட்டபோது முற்றத்தில் நின்றவர்கள் மயங்கி விழுந்தது பத்திரிகைகளில் எல்லாம் வந்தது.

மழை வந்தால் நாடகம் நிற்காது. குடை பிடிக்க விடமாட்டார்கள், பின்னால் நிற்கிறவருக்கு மறைக்கும் என்பதால் அது நியாயம்தான், தலைமூடி உள்ள மழைக்கோட்டு ஒன்று பையில் இருக்கட்டும். மழை என்றால் உடனே மனம் விட வேண்டாம். நனைந்துகொண்டு நிற்கிற சனத்தை நடிகர்கள் கவனிப்பார்கள், வசனத்தில் மழை என்று ஒரு சொல் வந்தால் போதும், மேலே பார்த்து ஒரு நிமிடம் நிறுத்துவார்கள், முழு அரங்கும் சிரிக்கும். வெயில் நாளில் தொல்லை வேறு மாதிரி. பகல் காட்சியில் மேடை நிழலில் இருக்கும், முற்றத்தில் நிற்கிறவர்களின் முகத்தில்தான் வெயில் அடிக்கும், தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் வேண்டும். நடுவில் ஹெலிகாப்டர் போகும், விமானம் போகும், பெரும்பாலும் மைக் இல்லாமல் கதைக்கிறார்கள் என்பதால் சில வசனம் தப்பிப் போகும். எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை, ஊர்க் கூத்தில் நாய் குரைக்காத இரவு எது.

விளக்குக்கும் மைக்குக்கும் இங்கே ஒரு சண்டையே நடந்திருக்கிறது. எம்மா ரைஸ் 2016 இல் கலை இயக்குநராக வந்து நவீன விளக்குகளும் ஒலிபெருக்கியும் பூட்டினார், சனமும் நல்லாகத்தான் வந்தது, ஆனால் இந்த அரங்கைக் கட்டின நோக்கமே ஒரே வெளிச்சத்தைப் பகிர்வதுதான் என்று நிர்வாகக் குழு சொல்ல, அந்த வருடமே அவர் விலகுவது என்று முடிவானது. அவருக்குப் பின் 2018 இல் பொறுப்பெடுத்த மிஷெல் டெரி தானே மேடையில் நடிக்கிறவர். எம்மா ரைஸை அனுப்பின விதம் எனக்குப் பிடிக்கவில்லை, திறமையான ஒரு பெண்ணை அப்படி அவசரமாக அனுப்பியிருக்க வேண்டாம். ஆனால் வெளிச்சத்தைப் பற்றி அவர்கள் சொன்னது சரி. இருட்டில் உட்கார்ந்து பார்க்க லண்டனில் எத்தனையோ தியேட்டர் இருக்கிறது.

இங்கே எனக்கு ஒரு ஆதங்கமும் உண்டு. 2012 இல் ஷேக்ஸ்பியரின் 37 நாடகங்களை 37 மொழிகளில் இதே மேடையில் போட்டார்கள், உலகம் முழுக்க இருந்து குழுக்கள் வந்தன. இந்தி இருந்தது, குஜராத்தி இருந்தது, உருது இருந்தது, வங்காளம் இருந்தது. தமிழ் இல்லை. இந்த நகரத்தில் ஈஸ்ட்ஹாமில் இருந்து ஹாரோ வரை எத்தனை தமிழர், எத்தனை மேடைகள், வருடம் தவறாமல் எத்தனை பள்ளிக்கூட விழா நாடகங்கள். வட்டத்தில் ஆடத் தெரிந்த கூத்துக்காரர்கள் எங்களிடம் இருக்கிறார்கள், மூன்று பக்கமும் சனம் நிற்கிற மேடையில் எப்படி நிற்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவை இல்லை. இங்கே நாடகம் போடுகிற எங்கள் குழுக்கள் ஒரு தடவையாவது கூட்டமாக வந்து முற்றத்தில் நின்று பார்க்க வேண்டும். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்கலாம்.

போகிற வழி சுலபம். ஈஸ்ட்ஹாம் பக்கம் இருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறினால் மாறாமல் மான்ஷன் ஹவுஸிலோ பிளாக்ஃபிரையர்ஸிலோ இறங்கலாம். நேரம் இருந்தால் செயின்ட் பால்ஸ் பக்கமாக வந்து மில்லேனியம் பாலத்தால் நடந்து கடவுங்கள், ஷேக்ஸ்பியர் காலத்திலும் சனம் வடகரையில் இருந்து ஆற்றைக் கடந்துதான் நாடகத்துக்கு வந்தது, ஓடக்காரருக்குக் காசு கொடுத்து. தேம்ஸ் இந்த இடத்தில் கடலோடு சேர்ந்து ஏறி இறங்குகிற ஆறு, வற்று நேரத்தில் கீழே கல்லும் மணலும் வெளியில் தெரியும், பெருக்கு நேரத்தில் தண்ணீர் கரைச்சுவரை முட்டிக்கொண்டு நிற்கும், ஒரே நாளில் போகும்போது ஒன்றும் வரும்போது மற்றதும் பார்க்கலாம். பிள்ளைகளோடு போனால் அதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

வெளி அரங்கு ஏப்ரல் அளவில் தொடங்கி அக்டோபர் வரைதான். குளிர்காலத்தில் பக்கத்திலேயே சாம் வானமேக்கர் பெயரில் 2014 இல் திறந்த சின்ன உள்ளரங்கு இருக்கிறது, 340 பேர் அளவுதான் கொள்ளும், மெழுகுதிரி வெளிச்சத்தில் நாடகம். வடிவான இடம், ஆனால் நெருக்கமான வாங்குகள், விலையும் கூட, அதைப் பிறகு பாருங்கள். முதலில் முற்றம். சனி ஞாயிறு டிக்கெட் வேகமாக முடிந்துவிடும், கிழமை நாளில் பகல் காட்சி கிடைத்தால் ஒரு நாள் லீவு போட்டாவது போங்கள், சப்பாத்து மட்டும் நல்லதாகப் போட்டுக்கொண்டு போங்கள்.